யாருடைய குரல் இது? – செல்பேசி குறுக்கீட்டை அடையாளம் காணக் கற்ற வரலாறு

செல்பேசியின் வரலாறு என்றதும் பெரும்பாலும் சொல்லப்படுவது கருவி சிறுத்த கதையும் விலை குறைந்த கதையும்தான். செங்கல் அளவில் இருந்த கருவி சட்டைப் பைக்குள் புகுந்தது சுவையான கதை என்பதில் ஐயமில்லை. ஆனால் அதற்கு அடியில் அதிகம் பேசப்படாத இன்னொரு கதை இருக்கிறது. காற்றில் எத்தனையோ பேர் ஒரே நேரத்தில் பேசும்போது, "இது என்னுடைய கோபுரத்தின் குரல், இது அடுத்தவருடையது, இதுவோ வெறும் இரைச்சல்" என்று ஒரு கருவி எப்படிப் பிரித்தறிகிறது என்பதுதான் அது.

இதை அறியாவிட்டால் செல்பேசி என்ற ஒன்றே இருந்திருக்காது. இன்று லாரி, கார், மின்மீட்டர், கடைகளில் அட்டை தேய்க்கும் கருவி ஆகியவற்றுக்குள் இருக்கும் செல்லுலார் மாட்யூல்கள், தம்மை யாரேனும் வேண்டுமென்றே செவிடாக்குகிறார்களா என்று கண்டுபிடிக்கும் அளவுக்கு வளர்ந்திருக்கின்றன. அந்த வளர்ச்சி நடந்த விதத்தைச் சுருக்கமாகப் பார்க்கலாம்.

ஆறு தடங்கள் மூன்றான கதை

1946-ஆம் ஆண்டு ஜூன் 17-ஆம் நாள். அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் பெல் நிறுவனம் காரிலிருந்து பேசும் தொலைபேசிச் சேவையைத் தொடங்கியது. காரில் பொருத்த வேண்டிய கருவியின் எடை மட்டும் சுமார் 36 கிலோ. பேசும்போது பொத்தானை அழுத்த வேண்டும், கேட்கும்போது விட வேண்டும். இணைப்பைக் கொடுக்க ஓர் ஆபரேட்டர் இருப்பார்.

இந்தச் சேவைக்கு 150 மெகா ஹெர்ட்ஸ் பகுதியில் ஆறு தடங்கள் ஒதுக்கப்பட்டன. ஆனால் ஒரு தடத்தில் பேசுவது பக்கத்துத் தடத்தில் புகுந்து கெடுத்தது. அன்றைய கருவிகளால் இரண்டையும் துல்லியமாகப் பிரிக்க முடியவில்லை. விளைவு, ஆறில் மூன்றை மட்டுமே பயன்படுத்த முடிந்தது. ஒரு பெரிய நகரம் முழுவதிலும் ஒரே நேரத்தில் மூன்று பேர் மட்டுமே காரிலிருந்து பேசலாம் என்பதே இதன் பொருள். ஆக, நடமாடும் தொலைபேசி பிறந்த அன்றே குறுக்கீடு அதன் பாதியைத் தின்றுவிட்டது.

நகரின் நடுவில் உயரமான ஒரு கோபுரம், அதில் சக்தி மிகுந்த ஒலிபரப்பி என்பதுதான் அன்றைய முறை. அதன் அலை பல பத்து கிலோமீட்டர் பரவும். அந்த எல்லைக்குள் அதே அலைவரிசையை வேறு யாரும் தொட முடியாது. இந்த முறை எவ்வளவு குறுகலானது என்பதற்கு நியூயார்க் நகரமே சாட்சி. 1976-இல் கூட அங்கே பெல் சேவைக்கு 12 தடங்களே இருந்தன. சந்தாதாரர்கள் சுமார் 540 பேர். காத்திருப்போர் பட்டியலில் 3,700 பேர்!

அறுகோணம் என்ற எண்ணம்

இதற்கான தீர்வு அதற்கு முப்பது ஆண்டுகளுக்கு முன்பே தாளில் எழுதப்பட்டுவிட்டது. 1947 டிசம்பரில் பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த டக்ளஸ் ரிங் ஓர் உள்சுற்றுக் குறிப்பை எழுதினார். ஆய்வகத்தின் மற்றொரு பொறியாளரான ரே யங்கின் அறுகோண யோசனையும் அதில் இடம் பெற்றது. உயரமான ஒரே கோபுரத்துக்குப் பதிலாகப் பல சிறிய கோபுரங்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு சிறு அறுகோணப் பகுதி. அடுத்தடுத்த பகுதிகளுக்கு வெவ்வேறு அலைவரிசைகள். போதுமான தூரம் தள்ளிப் போனதும் முதல் அலைவரிசையை மறுபடியும் பயன்படுத்தலாம். தேன்கூட்டின் அறைகளைப் போல இருந்த இந்தப் பகுதிகளுக்குத்தான் பின்னாளில் 'செல்' என்ற பெயர் நிலைத்தது. 'செல்போன்' என்ற சொல்லின் மூலமும் இதுவே.

இதில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. பழைய முறை குறுக்கீடே கூடாது என்றது. புதிய முறையோ குறுக்கீடு இருக்கட்டும், ஆனால் அளவோடு இருக்கட்டும் என்றது. ஏழு செல்களுக்கு ஒருமுறை அலைவரிசை திரும்ப வரும்படி அமைத்தால், ஒரே அலைவரிசை கொண்ட இரு கோபுரங்களுக்கு இடையிலான தூரம் ஒரு செல்லின் ஆரத்தைப் போல ஏறக்குறைய 4.6 மடங்கு இருக்கும். அவ்வளவு தூரத்திலிருந்து வரும் அடுத்தவர் குரல் மெலிந்துவிடும், ஆனால் முற்றிலும் மறைந்துவிடாது. நல்ல ஒலித்தரத்துக்கு, தன் கோபுரத்தின் அலை அந்நிய அலையைவிட 18 டெசிபெல், அதாவது சுமார் 60 மடங்கு, வலுவாக இருக்க வேண்டும் என்று பின்னாளில் கணக்கிட்டார்கள்.

1947-இல் இதைச் செய்யக் கருவிகளும் இல்லை, அரசு ஒதுக்கிய அலைவரிசையும் இல்லை. 1968-க்குப் பிறகே அமெரிக்கத் தொலைத்தொடர்பு ஆணையம் இந்தக் கோரிக்கையை மறுபடி கையில் எடுத்தது. ரிச்சர்ட் ஃப்ரெங்கீல், ஜோயல் எங்கெல், ஃபிலிப் போர்ட்டர் ஆகிய பெல் பொறியாளர்கள் பழைய குறிப்பை முழுத் திட்டமாக்கினார்கள். ஓடும் கார் ஒரு செல்லிலிருந்து அடுத்ததற்குப் போகும்போது அழைப்பு அறுந்துவிடாமல் மாற்றிக் கொடுக்கும் முறைக்கு ஏமஸ் ஜோயல் 1972-இல் காப்புரிமை பெற்றார். 1978-இல் சிகாகோவில் பத்து செல்களுடன் சோதனை நடந்தது. 1979-இல் டோக்கியோவிலும் 1981-இல் வட ஐரோப்பிய நாடுகளிலும் சேவைகள் வந்துவிட்டன. 1983 அக்டோபர் 13 அன்று சிகாகோவில் வணிகச் சேவை தொடங்கியது. அதன் பெயர் ஏஎம்பிஎஸ்.

காதில் விழாத அடையாளக் குரல்

ஏஎம்பிஎஸ் ஓர் அனலாக் முறை. பண்பலை வானொலியைப் போலவே பேச்சு நேரடியாக அலையில் ஏறும். ஒரே தடத்தில் தூரத்துச் செல்லிலிருந்து வேறொருவர் பேச்சு வலுவாக வந்துவிட்டால், வாங்கிக்கு இரண்டும் பேச்சுதான். எது தன்னுடையது என்று தெரியாது. யாரோ இருவரின் அந்தரங்கம் மூன்றாமவர் காதில் விழும்.

இதற்குப் பொறியாளர்கள் கண்ட வழி மிக எளிமையானது. ஒவ்வொரு கோபுரமும் பேச்சோடு சேர்த்து ஒரு மெல்லிய ஒலியைத் தொடர்ந்து அனுப்பும். 5970, 6000, 6030 ஹெர்ட்ஸ் என்ற மூன்று ஒலிகளில் ஒன்று அந்தக் கோபுரத்துக்கு உரியது. தொலைபேசிப் பேச்சு ஏறக்குறைய 3000 ஹெர்ட்ஸுக்குள் அடங்கிவிடும். எனவே இந்த ஒலியை வடிகட்டிவிட்டால் பேசுபவருக்கு அது கேட்காது. கைக்கருவி அந்த ஒலியைக் கேட்டு அப்படியே கோபுரத்துக்குத் திருப்பி அனுப்பும். கோயிலில் தாம்பூலப் பை வாங்கும்போது கொடுத்த டோக்கனைத் திருப்பிக் காட்டுவது போல!

கைக்கருவி எதிர்பார்த்தது 6000 ஹெர்ட்ஸ், வந்ததோ 6030 என்றால் என்ன பொருள்? அலை வலுவாக இருக்கிறது, ஆனால் அது தன்னுடையது அல்ல. உடனே கருவி ஒலிபெருக்கியை மௌனமாக்கிவிடும். சரியான ஒலி சுமார் ஐந்து விநாடிகளுக்குத் திரும்பி வராவிட்டால் அழைப்பு துண்டிக்கப்படும்.

அலை எவ்வளவு வலுவானது என்ற கேள்வியும் அது யாருடையது என்ற கேள்வியும் வெவ்வேறானவை என்பதை இந்தச் சிறு ஏற்பாடு நிலைநாட்டியது. பின்னால் வந்த ஒவ்வொரு தலைமுறையும் இந்தப் பாடத்தையே வேறு வேறு விதமாகப் படித்தது எனலாம்.

கைக்கருவியே கண்காணியானது

1982-இல் ஐரோப்பிய நாடுகள் தமக்கெல்லாம் பொதுவான ஒரு முறையை உருவாக்க ஒரு குழுவை அமைத்தன. அந்தக் குழுவின் பிரெஞ்சுப் பெயரின் முதலெழுத்துகளே ஜிஎஸ்எம். 1991 ஜூலை 1 அன்று பின்லாந்தில் ரேடியோலின்யா வலையமைப்பில் முதல் ஜிஎஸ்எம் அழைப்பு பேசப்பட்டது.

ஏஎம்பிஎஸ் முறையில் கைக்கருவியின் அலையைக் கோபுரங்கள்தாம் அளந்தன. எந்தச் செல்லுக்கு மாற்றுவது என்பதை வலையமைப்பே ஊகித்தது. ஜிஎஸ்எம் இதைத் தலைகீழாக்கியது. அளக்கும் வேலையைக் கைக்கருவியிடமே ஒப்படைத்தது. பேச்சு நடந்துகொண்டிருக்கும்போதே, ஏறக்குறைய அரை விநாடிக்கு ஒருமுறை (480 மில்லி விநாடி), கருவி ஓர் அளவீட்டு அறிக்கையை அனுப்பும். அதில் மூன்று செய்திகள் இருக்கும். தன் கோபுரத்தின் அலை வலிமை 0 முதல் 63 வரையிலான ஓர் எண்ணாக வரும். பிழை விகிதத்தைக் காட்டும் தரம் 0 முதல் 7 வரை ஓர் எண்ணாக வரும். அக்கம்பக்கத்தில் வலுவாகக் கேட்கும் ஆறு செல்களின் வலிமையும் உடன் வரும்.

முதல் இரண்டு எண்களையும் சேர்த்துப் பார்த்தால் நோய் என்னவென்று தெரிந்துவிடும். வலிமையும் குறைவு, தரமும் மோசம் என்றால் கருவி கோபுரத்தை விட்டுத் தூரம் போய்விட்டது என்று பொருள். வலிமை நன்றாக இருக்கிறது, தரம் மட்டும் மோசம் என்றால் யாரோ குறுக்கிடுகிறார்கள். முதல் நோய்க்கு மருந்து அடுத்த செல்லுக்கு மாற்றுவது. இரண்டாவதற்கு அதே செல்லில் வேறொரு தடத்துக்கு மாற்றினாலே போதும். இரண்டு எண்களில் ஒன்றை மட்டும் பார்த்திருந்தால் மருந்து மாறிப் போயிருக்கும். திரையில் எல்லாக் கோடுகளும் நிறைந்திருந்தும் பேச்சு சிதறுவது ஏன் என்று வியப்பவர்களுக்கும் விடை இதுதான். அந்தக் கோடுகள் பெரும்பாலும் வலிமையைத்தான் காட்டுகின்றன.

அடையாளக் குரலும் புது வடிவம் பெற்றது. ஒவ்வொரு கோபுரமும் ஆறு பிட் நீளமுள்ள ஓர் அடையாள எண்ணை ஒலிபரப்பியது. மூன்று ஒலிகள் இருந்த இடத்தில் 64 எண்கள் வந்தன. அந்த எண்ணைப் படிக்க முடிந்தால்தான் அண்டைச் செல் என்று கருவி அதை ஏற்கும். ஒரே அலைவரிசை கொண்ட இரு செல்களைக் குழப்பிக்கொள்ள இடமில்லாமல் போயிற்று.

போர்க்களத்திலிருந்து வந்த உத்தி

குறுக்கீட்டை அறிந்தால் மட்டும் போதாது, தாங்கவும் வேண்டும். அதற்கு ஜிஎஸ்எம் கையாண்ட வழிகளில் ஒன்று அலைவரிசைத் தாவல். விநாடிக்கு 217 முறை கருவியும் கோபுரமும் சேர்ந்து அலைவரிசையை மாற்றிக்கொள்ளும். ஒரு தடத்தில் கடும் குறுக்கீடு இருந்தாலும் அதில் சிக்குவது ஒரு நொடியின் சிறு துணுக்குதான். பேச்சின் ஒவ்வொரு துண்டையும் எட்டுத் துணுக்குகளில் பிரித்து அனுப்புவதால், ஒன்று கெட்டாலும் மற்றவற்றைக் கொண்டு சரிசெய்துகொள்ளலாம்.

இந்த உத்தியைப் பற்றிப் பேசும்போது நடிகை ஹெடி லாமாரின் பெயரைச் சொல்லாமல் இருக்க முடியாது. அவரும் இசையமைப்பாளர் ஜார்ஜ் ஆந்தைலும் 1942-இல் அமெரிக்காவில் ஒரு காப்புரிமை பெற்றார்கள். வானொலியால் இயக்கப்படும் டார்பிடோவின் கட்டளைகளை எதிரி இரைச்சலால் அடைத்துவிடாதபடி, 88 அலைவரிசைகளுக்கிடையே தாவிக்கொண்டே இருக்கும் முறை அது. தானியங்கி பியானோவின் துளையிட்ட காகிதச் சுருளே தாவலை ஒழுங்குபடுத்தும். செல்பேசியையே அவர்தான் கண்டுபிடித்தார் என்று சில இடங்களில் எழுதுவது மிகை. தாவல் என்ற எண்ணத்துக்கு அவர்களுக்கு முன்பே வேறு சிலரும் காப்புரிமை பெற்றிருந்தனர். அந்தப் போரில் கடற்படை இவர்கள் முறையைப் பயன்படுத்தவும் இல்லை. ஆனால் வேண்டுமென்றே செய்யப்படும் குறுக்கீட்டுக்கு எதிராக அவர்கள் யோசித்தார்கள் என்பது நினைவில் வைக்க வேண்டியது. அந்தப் பகைவன் அறுபது ஆண்டுகள் கழித்துச் சாலையோரத்தில் திரும்பி வந்தான்.

இதற்கிடையே அமெரிக்காவின் குவால்காம் நிறுவனம் வேறொரு பாதையில் போனது. 1989-இல் சான் டியேகோவில் செய்து காட்டி, 1995-இல் ஹாங்காங்கில் வணிகச் சேவையாக வந்த சிடிஎம்ஏ முறையில் எல்லோரும் ஒரே அலைவரிசையில் ஒரே நேரத்தில் பேசுவார்கள். குறியீட்டால் மட்டுமே பிரிக்கப்படுவார்கள். இந்தியாவில் 2000-களில் ரிலையன்ஸ், டாடா இண்டிகாம் செல்பேசிகள் இயங்கியது இம்முறையில்தான். இங்கே கோபுரத்துக்கு அருகில் இருப்பவர் சத்தமாகப் பேசினால் தூரத்தில் இருப்பவர் குரல் மூழ்கிவிடும். ஆகவே கோபுரம் விநாடிக்கு 800 முறை ஒவ்வொரு கருவியிடமும் "கூட்டு" அல்லது "குறை" என்று சொல்லிக்கொண்டே இருந்தது. எல்லோருமே ஒருவருக்கொருவர் குறுக்கீடுதான், எனவே தேவைக்கு மேல் ஒருவரும் பேசக் கூடாது என்பதே அதன் ஒழுக்கம்.

மனிதன் இல்லாத தொலைபேசி

1995-இல் ஜெர்மனியின் சீமென்ஸ் நிறுவனம் எம்1 என்ற ஜிஎஸ்எம் மாட்யூலை உருவாக்கியது. விசைப்பலகை இல்லை, திரை இல்லை, காதில் வைக்கவும் இல்லை. இன்னொரு இயந்திரத்துக்குள் வைத்து அடைக்க வேண்டிய தொலைபேசி அது. பின்னர் பல நிறுவனங்கள் இத்துறைக்கு வந்தன.

இந்த மாட்யூலுடன் பேசும் மொழி, 1981-இல் ஹேய்ஸ் மோடத்துடன் பிறந்த 'ஏடி' கட்டளைகள். "வலையமைப்பில் பதிவாகிவிட்டாயா?" என்று கேட்க ஒரு கட்டளை. "அலை எப்படி இருக்கிறது?" என்று கேட்க 'சிஎஸ்க்யூ' என்ற கட்டளை. அதற்கு விடையாக 0 முதல் 31 வரை வலிமையும், 0 முதல் 7 வரை பிழை அளவும் வரும். ஜிஎஸ்எம் கருவி கோபுரத்துக்குச் சொல்லும் அதே இரு செய்திகள் இங்கே உள்ளிருக்கும் இயந்திரத்துக்கும் கிடைத்தன.

மனிதன் கையில் இருக்கும் செல்பேசி வேலை செய்யாவிட்டால் அவன் நகர்ந்து பார்ப்பான், மாடிக்குப் போவான், திட்டவாவது செய்வான். லாரிக்குள் ஒளித்து வைத்த மாட்யூலுக்கு அந்த வசதி கிடையாது. என்ன நடக்கிறது என்பதை அதுவே புரிந்துகொள்ள வேண்டும்.

திருடனின் இரைச்சல்

வாகனத்தின் இருப்பிடத்தைச் சொல்லும் கருவிகள் பரவியதும் திருடர்களும் கற்றுக்கொண்டார்கள். ஜாமர் என்ற சிறு கருவி கோபுரத்தின் அலைவரிசைப் பகுதி முழுவதும் இரைச்சலைப் பரப்பும். இதற்குப் பெரிய சக்தி வேண்டியதில்லை. நன்றாகக் கேட்கும் இடத்தில் கூடக் கோபுரத்தின் அலை கருவியை வந்தடையும்போது அதன் சக்தி ஒரு வாட்டில் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு அளவே. பக்கத்தில் இருந்து எழும் சிறு இரைச்சலே அதை மூழ்கடித்துவிடும்.

மையத்தில் உட்கார்ந்து பார்ப்பவருக்கு லாரி திரையிலிருந்து மறையும். ஆனால் லாரி சுரங்கப்பாதைக்குள் போனாலும் மறையத்தான் செய்யும். இரண்டையும் பிரித்துச் சொல்லக்கூடியது லாரிக்குள் இருக்கும் மாட்யூல் ஒன்றே.

அது எப்படிப் பிரிக்கிறது? பழைய பாடம்தான். சுரங்கத்துக்குள் எல்லாத் தடங்களிலும் அமைதி இருக்கும். ஜாமரின் அருகிலோ எல்லாத் தடங்களிலும் வலுவான அலை இருக்கும், ஆனால் எதிலும் கோபுரத்தின் அடையாள எண்ணைப் படிக்க முடியாது. வலிமை உண்டு, பெயர் இல்லை. இதுவே ஜாமரின் கைரேகை. டெலிட் நிறுவனத்தின் மாட்யூல்களில் 'ஜேடிஆர்' என்ற கட்டளை இதற்காகவே வந்தது. எவ்வளவு வலிமைக்கு மேல் இருந்தால் சந்தேகப்பட வேண்டும், எத்தனை தடங்கள் அப்படிக் கெட்டிருக்க வேண்டும் என்ற இரு வரம்புகளைப் பயன்படுத்துவோர் தாமே வைத்துக்கொள்ளலாம். பிற மாட்யூல்களிலும் இத்தகைய வசதிகள் வந்தன.

கண்டுபிடித்த பின் என்ன செய்வது என்பது இன்னும் கடினமான கேள்வி. வாய் அடைக்கப்பட்டிருப்பதால் யாரிடமும் சொல்ல முடியாது. எனவே மாட்யூல் தன் ஒரு முனையில் மின்குறி கொடுக்கும். அதைக் கொண்டு ஒலிப்பானை அலறவிடலாம், இன்ஜின் மறுபடி கிளம்பாமல் செய்யலாம். வரம்பை மிகத் தாழ்வாக வைத்தால், வேறு வலையமைப்பின் கோபுரத்தை ஒட்டிப் போகும்போதுகூடக் கருவி திருடன் என்று கூவக்கூடும். வேகமாக ஓடும் லாரியின் இன்ஜினைத் தவறான சந்தேகத்தின் பேரில் நிறுத்தினால் போவது சரக்கு அல்ல, உயிர். உயரமாக வைத்தால் திருடன் தப்பிவிடுவான். ஓர் எண்ணைக் கூட்டுவதிலும் குறைப்பதிலும் இவ்வளவு இருக்கிறது.

இதே வகை இரைச்சல் வேண்டாத இடத்திலும் போய் இடிக்கும். 2012-இல் அமெரிக்காவின் நியூவார்க் விமான நிலையத்தில், விமானங்கள் தரையிறங்க உதவும் செயற்கைக்கோள் வழிகாட்டுக் கருவி ஒன்றின் பணி தடைப்பட்டது. காரணம், பக்கத்தில் ஓடிய ஒரு வேலை வண்டியில் இருந்த ஜிபிஎஸ் ஜாமர். முதலாளி தன் வண்டியைப் பின்தொடரக் கூடாது என்பதற்காக ஓட்டுநர் அதை வைத்திருந்தார். 2013-இல் ஆணையம் அவருக்குச் சுமார் 32,000 டாலர் அபராதம் முன்மொழிந்தது. அமெரிக்காவில் மட்டுமல்ல, பல நாடுகளில் தனியார் ஜாமரைப் பயன்படுத்துவது குற்றம்.

அதன் பின்

2009 டிசம்பரில் ஸ்டாக்ஹோமிலும் ஆஸ்லோவிலும் தொடங்கிய எல்டிஇ என்ற நான்காம் தலைமுறையில் எல்லாச் செல்களும் பொதுவாக ஒரே அலைவரிசையைப் பயன்படுத்துகின்றன. 1946-இல் நினைத்துக்கூடப் பார்க்க முடியாத நிலை இது. அடையாள எண்கள் 504 ஆயின. ஐந்தாம் தலைமுறையில் அவை 1008. அண்டைக் கோபுரங்கள் தமக்குள் செய்தி பரிமாறி, "இந்தப் பகுதியில் எனக்கு இரைச்சல் அதிகம்" என்று சொல்லிக்கொள்கின்றன. ஆனால் ஜாமரைக் கண்டறிவது இங்கே கடினமாயிற்று. எல்லோரும் ஒரே அலைவரிசையில் இருப்பதால், அலை வலுவாகவும் தரம் தாழ்ந்தும் இருப்பது நெரிசல் நேரத்தில் இயல்பாகவே நடக்கக்கூடியது. எனவே ஒரு கணத்தின் அளவை மட்டும் நம்பாமல், அது எப்படி மாறியது என்பதையும் பார்க்க வேண்டியுள்ளது.

மீட்டர் போன்ற சிறு கருவிகளுக்காக 2016-இல் வரையறுக்கப்பட்ட என்பி-ஐஓடி முறை இன்னோர் எளிய வழியைக் கையாள்கிறது. கேட்கவில்லையா, மறுபடி சொல். கருவி ஒரே செய்தியை 128 முறை வரையிலும், கோபுரம் 2048 முறை வரையிலும் திரும்பச் சொல்லலாம்.

2018 மார்ச் 31 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் புதிதாக அங்கீகாரம் பெறும் கார் வகைகளில், விபத்து நடந்தால் தானாகவே 112 என்ற அவசர எண்ணை அழைக்கும் மாட்யூல் கட்டாயமாயிற்று. நினைவிழந்து கிடப்பவருக்காக ஓர் இயந்திரம் பேசுகிறது. அந்த நேரத்தில் கோபுரத்தின் குரலை இரைச்சலிலிருந்து பிரித்தறிவது எவ்வளவு பெரிய காரியம் என்று சொல்லத் தேவையில்லை.

சுருங்கச் சொன்னால், மூன்று மெல்லிய ஒலிகளில் தொடங்கி ஆயிரம் அடையாள எண்கள் வரை வந்திருக்கும் இந்த வரலாற்றில் கருவிகள் மாறின, கணக்குகள் மாறின, கேள்வி மட்டும் மாறவில்லை. சத்தம் பெரிதாக இருப்பதாலேயே அதை நம்பிவிடக் கூடாது, அது யாருடையது என்று முதலில் கேட்க வேண்டும். செயின்ட் லூயிஸின் கார்த் தொலைபேசிக்கு அந்தக் கேள்வியைக் கேட்கத் தெரியவில்லை. இன்று தீப்பெட்டி அளவுகூட இல்லாத மாட்யூல் அதை நாள் முழுவதும் ஓயாமல் கேட்டுக்கொண்டிருக்கிறது.